வாசகர் கேள்வி: நேபாளத்தில் பேப்பர் எப்போது வந்தது?

கேள்வி: ஐயா, ஊடகக் கல்வி படிக்கிறேன். நேபாளி மொழிப் பத்திரிகைகளையும் எங்களிடம் போல மிஷனரிமாரா தொடக்கினவை?
– மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: நேபாளத்துக்குள் இல்லை, பிள்ளை. அங்கே அச்சு யந்திரத்தைக் கொண்டுவந்ததே மன்னரைப் பெயருக்கு வைத்துக்கொண்டு பரம்பரையாக ஆண்ட ராணாக் குடும்பத்துப் பிரதமர் ஜங் பகதூர்தான், 1850இல் இங்கிலாந்துக்குப் போய் வந்த கையோடு. ஆனால் யந்திரம் வந்தும் அரை நூற்றாண்டாகச் செய்தித்தாள் ஒன்றும் வரவில்லை. 1898இல் ‘சுதாசாகர்’ என்ற சஞ்சிகை வந்தது, அது இலக்கியம். முதல் செய்தித்தாளான ‘கோர்க்காபத்ரா’ 1901 மே 6இல் வாரப் பத்திரிகையாக வந்தது. அதைத் தொடங்குவித்த பிரதமர் தேவ் சம்ஷேர் கல்வி, சீர்திருத்தம் என்று நினைத்த மனுசன், அதுவே குற்றமாகிப்போய் நாலு மாதம் முடியமுதலே சொந்தச் சகோதரர்கள் அவரைப் பதவியிலிருந்து கலைத்துவிட்டார்கள். பேப்பர் தப்பியது, ஆனால் ராணாக்களின் குரலாக.

எங்கள் யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகை 1841. அறுபது வருச வித்தியாசத்துக்குக் காரணம் நேபாளிகளுக்கு ஆர்வம் இல்லாததல்ல. ராணாக்கள் சாதாரண சனத்துக்குப் பள்ளிக்கூடமே திறந்துவிடவில்லை, பிறகு யார் வாசிப்பது? அதனால் நேபாளி எழுத்து எல்லைக்கு வெளியே, காசியிலும் டார்ஜிலிங்கிலும்தான் வளர்ந்தது. உங்கள் ஊகம் சரிவருவதும் டார்ஜிலிங்கில்தான்: அதே 1901இல் அங்கே ‘கோர்க்கே கபர் காகத்’ நடத்திய கங்கா பிரசாத் பிரதான் ஒரு கிறிஸ்தவப் போதகர், பைபிளை நேபாளியில் மொழிபெயர்த்தவர்.

அப்புறம் 1951. பெப்ரவரி 18இல் ராணா ஆட்சி முடிந்ததாக அறிவிப்பு, அடுத்த நாளே ‘ஆவாஜ்’ வெளிவந்துவிட்டது, நாட்டின் முதல் நாளிதழ். ஆசிரியர் கவிஞர் சித்திசரண் சிரேஷ்டா, கவிதை எழுதியதற்காக ராணாக்களின் சிறையில் கிடந்தவர். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 1960இல் மன்னர் மகேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்து, பிறகு கட்சிகளையும் தடைசெய்ய எல்லாம் திரும்ப இறுகியது, ‘கோர்க்காபத்ரா’ நாளிதழானது 1961இல், அந்த இறுக்கத்துக்குள்தான். தனியார் பெரும் நாளிதழான ‘காந்திப்பூர்’ வருவதற்கு 1990 மக்கள் எழுச்சி முடிந்து 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அங்கே பேப்பரை விட ரேடியோதான் பெரிதாமே?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மலைக் கிராமத்துக்குப் பேப்பர் நடந்துதான் போகவேண்டும், ரேடியோவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. 1997இல் ‘ரேடியோ சகர்மாதா’ சமூக வானொலியாகத் தொடங்க, பிறகு நாடு முழுக்க எஃப்எம் நிலையங்கள் முளைத்தன. 2005 பெப்ரவரி 1இல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்தபோது தொலைபேசியை வெட்டி, செய்தி அறைகளுக்குள் ஆமிக்காரரை அனுப்பி, எஃப்எம்மில் பாட்டு போடலாம் செய்தி வாசிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். அப்போது சில வானொலிக்காரர்கள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று சனத்துக்குச் செய்தி வாசித்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1981இல் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் எரிந்ததையும், 2006இல் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் சுட்டதையும் கண்ட எங்களுக்கு அந்தத் துணிவின் விலை விளங்கும்.

திருநெல்வேலிப் பிள்ளைக்கு இன்னொன்று: பழைய நேபாளி இதழ்களை லலித்பூரில் உள்ள மதன் புரஸ்கார் புஸ்தகாலயா என்ற நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது. ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுப்பதென்றால் அவர்களுக்கு முதலில் எழுதிக் கேளுங்கள்.