சோம்பேறி என்ற சொல்

அன்புள்ள ஐயா,

என் மகன் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நான்கு அரியர். இரண்டு மாதமாக வகுப்புக்குப் போகாமல் விடுதியில் படுத்தே கிடக்கிறான், கையில் எப்போதும் போன். இப்படிச் சோம்பேறியாக அவன் இருந்ததே இல்லை. தன்னம்பிக்கை தரும் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

(பெயர் வெளியிடவில்லை)

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகம் அப்புறம். போனையும் அரியரையும்கூட ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை: சோம்பேறி.

1993இல் மதுரையில் என் அறைத்தோழனை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். கேரம் ஆட உட்கார்ந்தால் எழ மாட்டான். இரண்டாம் வருடம் போர்டு பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்புக்குக்கூட மெஸ்ஸுக்கு இறங்கவில்லை. பகலெல்லாம் படுக்கை. ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு நான் விழித்தால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். "பல்லு விளக்கணும்னு நினைச்சாலே மலையா இருக்குடா" என்றான் ஒருநாள். நான் சிரித்தேன். அவன் அப்பா வந்து எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, பெட்டியோடு கூட்டிப்போனார். படிப்பு அத்தோடு போயிற்று. மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க அவனுக்கு மேலும் பதினைந்து வருடம் ஆனது.

சோம்பேறிக்குச் சினிமா பிடிக்கும், பிரியாணி பிடிக்கும், வேலைதான் பிடிக்காது. மனச்சோர்வு நோய் வந்தவனுக்கோ பிடித்ததே பிடிக்காமல் போகும். தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலையும். இது இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் விட்டிருக்கிறீர்கள்! அரியரை எண்ணி வைத்திருக்கிறீர்களே, அவன் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்று தெரியுமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் ஆளை இப்படிச் சாய்க்கும். மாத்திரை கொடுத்தால், அது வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். தேறிய பிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

"சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416இல் நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

நாளைக் காலையே கோவைக்குப் பேருந்து ஏறுங்கள். வீட்டில் செய்தது ஏதாவது எடுத்துப்போங்கள். அவன் தொடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்.