சர்வர் கேள்வி–பதில்: கோர் கூடினால் லைசென்ஸும் கூடும்

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் ஆரக்கிள் டேட்டாபேஸின் என்டர்பிரைஸ் எடிஷன் ஓடுகிறது. 4 பிராசசர் லைசென்ஸ் இருக்கிறது. பழைய சர்வரில் ஜியான் இ5-2637 வி2 சிப் இரண்டு. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் சேர்ந்து ஓடினால் திணறுகிறது. 16 கோர் சிப் இரண்டு போட்ட புது சர்வருக்கு டீலர் கொட்டேஷன் தந்திருக்கிறார். விலையும் நியாயமாகத் தெரிகிறது. வாங்கலாமா ஐயா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தயவுசெய்து பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அந்தக் கொட்டேஷனில் எழுதப்படாத ஒரு தொகை இருக்கிறது, அது சர்வர் விலையைவிடப் பல மடங்கு பெரியது.

பெயர்தான் பிராசசர் லைசென்ஸ். என்டர்பிரைஸ் எடிஷனில் எண்ணப்படுவது கோர், அதாவது சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகு. சர்வரில் உள்ள எல்லா கோர்களையும் கூட்டி, 'கோர் ஃபேக்டர்' என்ற எண்ணால் பெருக்க வேண்டும். இன்டெல் ஜியானுக்கும் ஏ.எம்.டி. எபிக்குக்கும் அது 0.5. உங்கள் பழைய சர்வரில் ஆளுக்கு 4 கோர் வீதம் 8 கோர், பாதி 4. கையிலிருக்கும் லைசென்ஸுக்குச் சரியாகப் பொருந்துகிறது. யாரோ விஷயம் தெரிந்தவர்தான் அன்று அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

புதியதில் 32 கோர், ஆகவே 16 லைசென்ஸ். கூடுதலாக 12 வாங்க வேண்டும். ஒன்றின் பட்டியல் விலை 47,500 டாலர், மொத்தம் 5,70,000 டாலர். அதற்கு மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் சப்போர்ட், அதாவது 1,25,400 டாலர். பேரம் பேசினால் குறையும், ஆனாலும் ஒரு ஏற்றுமதி நிறுவனம் சாதாரணமாகத் தாங்கும் தொகை இல்லை. இந்தக் கணக்கைச் சொல்லாமல் டேட்டாபேஸுக்கென்று சர்வர் விற்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரே சாக்கெட் (சிப் பொருத்தும் இடம்), 8 கோர், அதிக வேகம். ஜியான் கோல்டு 6434 அப்படிப்பட்டது: 8 கோர், 3.7 கிகாஹெர்ட்ஸ். எபிக் 72எஃப்3-இலும் 8 கோர்தான், ஆனால் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) மட்டும் 256 எம்.பி. உங்கள் பழைய சிப்பும் 3.5 கிகாஹெர்ட்ஸ் தானே என்று தோன்றும். அது 2013-இல் வந்தது. இன்றைய கோர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதைவிட நிறைய வேலை செய்கிறது, மெமரியும் வேகமானது. லைசென்ஸ் அதே 4.

32 கோர் சர்வரை வாங்கி, ஒரு சர்வரைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரிக்கும் வி.எம்.வேரில் 8 கோரை மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று டீலர் சொல்லக்கூடும். சர்வரின் ஒரு பகுதிக்கு மட்டும் லைசென்ஸ் எடுப்பது பற்றிய ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் கொள்கை அதை ஏற்பதில்லை. அடியில் இருக்கும் இயந்திரத்தின் எல்லா கோர்களையும் எண்ணுவார்கள். பயாஸில், அதாவது சர்வரின் அடிப்படை அமைப்பில், கோரை அணைத்துவைப்பதும் அந்தக் கொள்கை ஏற்கும் வழிகளின் பட்டியலில் இல்லை. தணிக்கைக்கு வரும்போதுதான் இதெல்லாம் தெரியவரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், திணறுவது சி.பி.யு.தானா என்று பாருங்கள். மாதக் கடைசி இரவில், டேட்டாபேஸின் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் ஸ்டேட்ஸ்பேக் அறிக்கை ஒன்று எடுங்கள். அதே மாதிரியான ஏ.டபிள்யூ.ஆர். அறிக்கை வேண்டாம், அதற்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்று தனி லைசென்ஸ் வேண்டும், அதையும் பிராசசர் கணக்கில்தான் விற்கிறார்கள். அறிக்கையின் மேல்வரிசையில் 'டிபி ஃபைல் சீக்வென்ஷியல் ரீட்' என்ற காத்திருப்பு நின்றால், நேரம் டிஸ்க்கில் போகிறது. முதலில் அந்த வேலைகளின் எஸ்.க்யூ.எல். கட்டளைகளையும், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ராமைக் கூட்டுங்கள், டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். ராமுக்கும் டிஸ்க்குக்கும் ஆரக்கிள் காசு கேட்பதில்லை. பழைய சர்வரே இன்னும் சில காலம் ஓடலாம்.

கேள்வி: எங்களிடம் ஓடுவது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 ஸ்டாண்டர்டு. விர்ச்சுவல் மெஷினில் 8 சி.பி.யு. கொடுத்தும் 4 மட்டுமே வேலை செய்கின்றன, மீதி சும்மா இருக்கின்றன. மைக்ரோசாஃப்டுக்கு 8 கோர் காசு கட்டியிருக்கிறோமே?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் மெஷின் 8 சாக்கெட், சாக்கெட்டுக்கு 1 கோர் என்று அமைக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 ஸ்டாண்டர்டு எடிஷன் 4 சாக்கெட் அல்லது 24 கோர், இவற்றில் எது குறைவோ அதோடு நின்றுவிடும். சர்வர் தொடங்கும்போது எர்ரர் லாக்கின் ஆரம்ப வரிகளில் எத்தனை சாக்கெட்டைக் கண்டது, எத்தனையைப் பயன்படுத்துகிறது என்று எழுதியிருக்கும், பாருங்கள். மெஷினை அணைத்து, 2 சாக்கெட், தலா 4 கோர் என்று மாற்றுங்கள். காசு செலவில்லை. கட்டிய பணத்தில் பாதி இப்படி வீணாகும் இடங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மெஷின் அமைப்பவருக்கும் டேட்டாபேஸ் பார்ப்பவருக்கும் பேச்சே இருக்காது.

இன்னொன்று: 2019 ஸ்டாண்டர்டில் பஃபர் பூலுக்கு (டிஸ்க்கில் உள்ள தரவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) வரம்பு 128 ஜி.பி. அதற்கு மேல் ராம் வாங்கச் சொன்னால் யோசியுங்கள்.

கேள்வி: ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கைப் போட்டால் ஆரக்கிள் லைசென்ஸ் இரட்டிப்பாகுமா? கிளவுடில் எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: சொந்த சர்வரில் ஆகாது, த்ரெட் கணக்கில் வராது. அமேசான், அஸ்யூர் கிளவுடுகளில் ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் 2 வி.சி.பி.யு.வுக்கு (விர்ச்சுவல் சி.பி.யு.) 1 லைசென்ஸ், 0.5 கோர் ஃபேக்டர் சலுகை அங்கே செல்லாது. 4 லைசென்ஸ் வைத்திருப்பவருக்குச் சொந்த சர்வரில் 8 கோர், அங்கே 8 வி.சி.பி.யு., அதாவது 4 கோர்தான். கிளவுடுக்கு மாறும் மதிப்பீட்டில் இந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள்.