ஹீமோஃபீலியா இருந்தால் ஓடலாமா, எடை தூக்கலாமா, தண்ணீர்மலை ஏறலாமா?

கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: வயது 52, பினாங்கு, கடுமையான ஹீமோஃபீலியா ஏ (ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் பிறவியிலேயே மிகக் குறைவு, அதனால் மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் ரத்தம் கசியும், அந்த ஃபேக்டரை ஊசியாகப் போட்டுக்கொள்வோம்), வலது கணுக்கால் மூட்டைப் பல வருடங்களுக்கு முன்பே அசையாமல் பிணைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. பிசியோவிடம் இருபது வருடமாகத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். மருந்தின் அளவையும் நாளையும் மாற்றுவது உங்கள் டாக்டர் வேலை.

செந்தூலிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 7 வயது, ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் கீழே. உடற்கல்வி நேரத்தில் டீச்சர் அவனை ஓரமாக உட்காரவைக்கிறார். நானும் பயத்தில் விட்டுவிட்டேன். சரிதானா அண்ணே?

சரியில்லை தங்கச்சி. அந்தப் பையன் நான்தான். என் பள்ளியிலும் மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து, மற்ற பையன்களின் சப்பாத்துக்குக் காவல் போட்டார்கள். வாத்தியாருக்கு நல்ல மனசு, ஆனால் பன்னிரண்டு வயதில் என் வலது தொடை இடது தொடையைவிட மெலிந்து, சிலுவாரில் ஒரு பக்கம் மட்டும் தொளதொளவென்று நிற்கும். முட்டியைப் பிடித்து நிறுத்துவது தொடைத் தசை. அது மெலிந்தால் முட்டி ஆடும், சும்மா திரும்பினாலே உள்ளே கசியும். கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து மூட்டின் உள்சவ்வை வீங்கவைக்கும், வீங்கிய சவ்வில் புதுப்புது மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைக்கும், அதிலிருந்து இன்னும் சுலபமாகக் கசியும். இந்தச் சுழலில் மாட்டினால் வெளியே வருவது கஷ்டம்.

பிசியோவிடம் ஒரு கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். எது கூடாது என்பதோடு எது செய்யலாம் என்பதும் அதில் இருக்கட்டும்: ஓட்டம், பந்து எறிவது, பிடிப்பது, நீச்சல். தள்ளுமுள்ளு விளையாட்டு, தலையால் பந்து முட்டுவது, சிலாட் என்ற மலாய் தற்காப்புக் கலை வேண்டாம். உடற்கல்வி இருக்கும் நாளின் காலையிலேயே ஃபேக்டர் போடும்படி அட்டவணையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பட்டர்வொர்த், 24 வயது: திங்கள், புதன், வெள்ளி காலையில் ஃபேக்டர் 8 போடுகிறேன். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு ஃபுட்சால். ஊசி ஒழுங்காகப் போட்டும் கணுக்கால் வீங்குகிறது, ஏன்?

தம்பி, ஒரு துண்டுக் காகிதம் எடு. சாதாரண ஃபேக்டர் 8 உடம்பில் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 12 என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். வெள்ளி காலை 8 மணிக்குப் போட்டதும் உன் அளவு 40 சதவீதம் என்றால், அன்று இரவு 20, சனி காலை 10, சனி இரவு 8 மணிக்கு 5. நீ பந்தை உதைக்கும் நேரத்தில்தான் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. விளையாட்டுக்கு முன்னால் போடுவது பாதுகாப்பு. வீங்கிய பிறகு போடுவது தீயணைப்பு. ஊசி நாளை நகர்த்த முடியுமா, நீண்டநேரம் நிற்கும் வகைக்கு மாறலாமா என்று அடுத்த முறை போகும்போது இந்தக் கணக்கைக் காட்டியே கேள்.

ஆனால் ஒரே மூட்டில் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை தானாகவே கசிந்திருந்தால், சிமெண்டுத் தரையில் சட்டென்று நின்று திரும்பும் ஃபுட்சாலை இப்போதைக்கு விடு, என்ன கோபம் வந்தாலும் சரி. பேட்மிண்டன் பத்திரம் என்று நம்மூரில் எல்லாரும் நினைக்கிறார்கள், அதிலும் கணுக்கால் பிரளும். சைக்கிள் ஓட்டு, ஹெல்மெட்டோடு. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள பிரிட்டிஷ்காரர் அலெக்ஸ் டௌசெட் 2015இல் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் ஓட்டி அப்போதைய உலக சாதனையை முறியடித்தார். நமக்கு ஆயர் ஈத்தாம் வரை போய் வந்தால் போதும்.

எனக்கு லேசான வகைதான், 12 சதவீதம். ஜிம்மில் எடை தூக்கலாமா?

தூக்கலாம். 15 தடவை நிதானமாகத் தூக்க முடிகிற எடை. மூச்சைப் பிடித்து ஒரே தூக்கில் பலம் காட்டும் போட்டி வேண்டாம். லேசான வகைக்காரர்களிடம் எனக்குப் பயம் வேறு: மறந்துவிடுவார்கள். உடம்பு வலிக்கிறது என்று வீட்டில் கிடக்கும் பொன்ஸ்டானையோ வோல்ட்டரனையோ போட்டுக்கொள்வார்கள். அவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். வலிக்குப் பனடோல்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: ஜிம் போன மறுநாள் தொடை இடுக்கில் வலி. நிமிர்ந்து நடக்க முடியவில்லை, காலை மடக்கிப் படுத்தால் சுகமாக இருக்கிறது. தசைப்பிடிப்புதானே?

இந்தத் தம்பிக்கு உடனே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். தசைப்பிடிப்பு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இடுப்புக்குள் ஆழத்தில் இருக்கும் சோவாஸ் தசையில் ரத்தம் கசிந்தால் இப்படித்தான் இருக்கும். நிறைய ரத்தம் போகும், நரம்பு நசுங்கித் தொடை மரத்தும் போகலாம். வீட்டில் ஃபேக்டர் இருந்தால் போட்டுவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், காடியை வேறு யாராவது ஓட்டட்டும்.

முட்டி வீங்கினால் மாமியார் தைலம் போட்டு உருவிவிடுகிறார். பக்கத்து வீட்டில் பெக்காம் (தோலில் குவளை வைத்து ரத்தம் உறிஞ்சும் வைத்தியம்) செய்யச் சொல்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம் அக்கா. மாமியார் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள். உருவினால் நின்ற கசிவு மறுபடி தொடங்கும், பெக்காமில் தோலையே கீறுகிறார்கள். முதலில் ஃபேக்டர், காலுக்கு ஓய்வு, துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

சும்மா இருக்கும்போது வலி இல்லை, தொட்டால் சூடும் இல்லை என்றானதும், பிசியோ சரி என்றால், படுக்கையிலேயே ஆரம்பிக்கலாம். சிறிய துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் அதை மெத்தையோடு அழுத்தி ஐந்து வரை எண்ணி விடுங்கள். தொடையின் உள்பக்கம், முட்டிக்குச் சற்று மேலே ஒரு தசை திரண்டு இறுகும், அங்கே விரலை வைத்துப் பாருங்கள், இறுகாவிட்டால் நீங்கள் செய்வது வெறும் நடிப்பு. பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம்தான் மடக்கி நீட்டுவது, அப்புறம் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது கடைசியாக. தையல் டேப்பால் முட்டியின் சுற்றளவைத் தினமும் ஒரே இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். நேற்றைவிடக் கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

இப்போது நாலு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் எமிசிசுமாப் (ஃபேக்டர் 8 செய்யும் வேலையைச் செய்யும் மருந்து) போடுகிறேன். இனி எல்லாம் விளையாடலாமா?

ஏற்ற இறக்கம் இல்லாத பாதுகாப்பு, உண்மை. ஆனால் அது உங்களைக் கிட்டத்தட்ட லேசான வகைக்காரராக ஆக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், பலமாக அடிபட்டால் ஃபேக்டர் தேவைப்படலாம். இன்ஹிபிட்டர் (போடும் ஃபேக்டரை எதிர்த்து உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: இதோடு, அவர்களுக்குக் கசிவை நிறுத்தப் போடும் ஃபீபா என்ற மருந்து சேர்ந்து சிலருக்கு ரத்தம் ஆபத்தாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அடிபட்டால் எதைப் போடுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிப் பையில் வையுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா? வயது 45, இடது முட்டி மோசம்.

பத்து மலையில் 272 படி, இங்கே பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான், முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மோசமான கால் முதலில், கை எப்போதும் கம்பியில். அதனால் பால்குடத்தை வேறு யாராவது சுமக்கட்டும். அலகு குத்துவது கூடவே கூடாது, முருகன் கோபிக்க மாட்டார். அன்று காலை ஊசி போட்டுவிட்டுப் போங்கள். கூட்டம் பயமாக இருந்தால் அடுத்த வாரம் போங்கள், சாமி அங்கேதான் இருப்பார்.

என் மகள் கேரியர் (ஹீமோஃபீலியா மரபணுவைச் சுமப்பவள்). அவளும் கவனமாக இருக்க வேண்டுமா?

ஃபேக்டர் அளவைச் சோதியுங்கள். கேரியர்களில் பலருக்கும் அளவு குறைவாக இருக்கும். மாதவிடாய் அதிகம், சின்ன அடிக்கும் பெரிய காயம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணே, நீங்கள் என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள்?

வாரம் இரண்டு நாள் நீச்சல். தவளை மாதிரி காலை விரிக்கும் நீச்சல் என் முட்டிக்கு ஒத்துவரவில்லை, கையை மாற்றி மாற்றி வீசும் நீச்சல்தான். மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்கு முன்பே பூங்காவனத்தில் மெதுவான நடை, கணுக்காலைப் பிடிக்கும் உயரமான சப்பாத்தோடு. கையில் பிளாஸ்டிக் பை மட்டும் கொண்டுபோவதில்லை. குரங்கு பிடுங்க வரும், பயத்தில் சட்டென்று திரும்பித்தான் போன வருடம் முட்டி வீங்கியது.