நீர்நாய் வாங்கி வளர்க்கலாமா?

கேள்வி: 'கெமோனோ ஃபிரெண்ட்ஸ்' என்ற ஜப்பானிய அனிமேயில் வரும் நீர்நாய்ப் பெண் எதைக் கண்டாலும் 'தானோஷீ!' (ஜாலியா இருக்கு!) என்று துள்ளுகிறாள். நிஜ நீர்நாயும் இப்படி விளையாடிக்கொண்டேதான் இருக்குமா? நம் ஊரில் ஒன்று வாங்கி வளர்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி ஒருவர், கோவை

பதில்: முதல் கேள்விக்குப் பாதி ஆமாம். இரண்டாவதற்கு முழுசாக முடியாது.

2017 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்த அந்தத் தொடரில், விலங்குப் பாத்திரங்களுக்குத் தனிப் பெயரே கிடையாது. விலங்கின் பெயர்தான் அவர்கள் பெயர். உங்கள் தோழியின் பெயர் 'கொத்சுமே கவாவுசோ'. அதாவது ஆசியச் சிறுநக நீர்நாய், உலகில் உள்ள நீர்நாய் இனங்களிலேயே சின்னது. நன்றாக வளர்ந்ததுகூட ஐந்து கிலோவைத் தாண்டுவது அபூர்வம். இரண்டாவது பகுதியில் அவள் சறுக்குமரத்தில் விழுந்து விழுந்து விளையாடுகிறாளே, அதில் பொய் இல்லை. நீர்நாய்கள் நிஜமாகவே சறுக்கும், உருளும், மல்லாந்து படுத்துக் கூழாங்கல்லைக் கைக்குக் கை மாற்றிப் போட்டுப் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கல் வித்தையை நாம் நினைப்பதுபோல் ஆனந்தக் கூத்து என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர் பராமரிப்பில் உள்ள நீர்நாய்களைக் கவனித்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பசி நேரத்தில்தான் அவை அதிகமாகக் கல்லை உருட்டினவாம். சாப்பாட்டுத் தட்டு வரும் நேரத்தில் கை துறுதுறுக்கிறது. அதை வீடியோ எடுத்து 'சோ க்யூட்' என்று போடுகிறோம்.

அந்தக் கைதான் இந்த விலங்கின் முழு ஆஸ்தி. நகம் விரல் நுனியைத் தாண்டாது, சவ்வும் விரலை முழுக்க மூடாது. அதனால் சேற்றுக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் விரலை விட்டுத் துழாவி நண்டைப் பிடித்துவிடும். பிடித்த நண்டை ஓட்டோடு கடித்து நொறுக்கும். அதற்கேற்ற அகலமான கடைவாய்ப் பல் உண்டு. உங்கள் விரலும் அதற்கு நண்டு மாதிரிதான். அம்மா, அப்பா, அண்ணன், அக்கா என்று குடும்பமாகவே வாழும், பிறந்த குட்டியை எல்லோரும் சேர்ந்து வளர்ப்பார்கள். ஓயாமல் கத்தும். மீன் வாடை அடிக்கும் எச்சத்தை ஒரே இடத்தில் எல்லோரும் போய்ப் போட்டு வைக்கும். அனிமேயில் இந்த வாடையெல்லாம் வராது, சரி. அந்தத் தொடரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை: நடுநடுவே உண்மையான மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களின் குரலிலேயே அந்தந்த விலங்கைப் பற்றிச் சொல்ல வைத்தார்கள். எத்தனை கார்ட்டூன் அந்த மெனக்கெடல் செய்கிறது?

ஜப்பானுக்கென்று சொந்தமாக ஒரு நீர்நாய் இருந்தது. தோலுக்காக வேட்டையாடினார்கள், மிச்சம் இருந்ததை ஆற்றங்கரை சிமென்ட்டும் அழுக்குத் தண்ணீரும் பார்த்துக்கொண்டன. கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1979இல், கோச்சி மாநிலத்து சுசாக்கி ஊரின் ஷின்ஜோ ஆற்றில். 2012இல் அற்றுப்போனதாக அரசே அறிவித்தது. அதே சுசாக்கி ஊரின் சின்னம் இப்போது 'ஷின்ஜோ-குன்' என்ற நீர்நாய் பொம்மை. 2016இல் ஜப்பான் முழுக்க நடந்த ஊர்ச்சின்னப் போட்டியில் அதற்கு முதல் பரிசு. ஆற்றில் இல்லாதது மேடையில் கப் வாங்குகிறது!

சொந்த நீர்நாய் போன பிறகு, ஆசைக்கு வெளிநாட்டு நீர்நாய் தேவைப்பட்டது. டிவியில் செல்ல நீர்நாய்கள், நகரங்களில் நீர்நாய் கஃபே, இணையத்தில் கோடிக்கணக்கில் பார்வைகள். விலை ஏறினால் கடத்தல்காரன் சும்மா இருப்பானா? 2015 முதல் 2017 வரை தென்கிழக்கு ஆசியக் கடத்தல்களில் உயிருடன் பிடிபட்ட 59 நீர்நாய்களில் 32 ஜப்பானுக்குப் போக இருந்தவை என்று, வன உயிரின வியாபாரத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பு கணக்குச் சொன்னது. 2017 அக்டோபரில் பாங்காக் விமான நிலையத்தில் ஒரு ஜப்பானிய மாணவியின் பெட்டிக்குள் 10 குட்டிகள் இருந்தன. பழியை ஒரு கார்ட்டூன் பெண்ணின் தலையில் கட்ட நான் தயாரில்லை. அவளைப் பார்த்து ரசித்தவர்கள் லட்சம் பேர், குட்டிக்கு விலை கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரே போதுமானதாக இருந்தது.

2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) மாநாடு இந்த இனத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடை செய்தது. அதை முன்மொழிந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. காரணம், அந்த அனிமேப் பெண்ணின் அசல் சொந்தபந்தங்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன: நீலகிரியிலும், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளிலும். பார்க்க ஆசையா? பொறுமை இருந்தால் அந்தப் பக்கம் போங்கள். ஓடைக்கரைப் பாறையில் நண்டு ஓட்டுத் துணுக்கு கலந்த எச்சம் கிடந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் எச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்ப்பதா? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள் இதை. பிடிபட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அங்கே சறுக்குமரம் கிடையாது.