காது எழுப்பும் ஒலி: எவ்வளவு காதுடையது, எவ்வளவு மைக்குடையது?

கேள்வி: சத்தம் புகாத அறையில், நண்பரின் வலது செவிக்குழாயில் சிறிய மைக்கைப் பொருத்தி இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். வெளியிலிருந்து எந்த ஒலியும் கொடுக்கவில்லை. நிறமாலையில் (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்த வரைபடம்) 1500, 1575 ஹெர்ட்ஸ்களில் கூரான முகடுகள் தெரிகின்றன. 1575-இன் வீச்சு 8 சதவீதம் ஏறி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுக்க உட்செவியின் வேலைதானா?
– மருத்துவ இயற்பியல் மாணவர், கோவை

பதில்: வெளி ஒலி எதுவும் இல்லாமலே உட்செவி தானாக மெல்லிய ஒலி எழுப்புவது உண்டு. ஆனால் முதலில் 1500-ஐச் சந்தேகியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் முப்பதாவது மடங்கு 1500. பதிவுக் கருவியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மைக்கை 2 சிசி அளவுள்ள மூடிய குழிக்குள் வைத்துப் பதியுங்கள். அங்கேயும் வரும் முகடு காதுடையதல்ல.

1575-ஐ 40 ஹெர்ட்ஸ் அகல வடிகட்டியில் விட்டு (1555 முதல் 1595 வரை), ஹில்பர்ட் உருமாற்றத்தால் கணத்துக்குக் கணம் வீச்சையும் அதிர்வெண்ணையும் பிரித்தெடுங்கள். வடிகட்டியை 5 ஹெர்ட்ஸுக்குச் சுருக்கிவிடாதீர்கள். வேகமான ஏற்ற இறக்கங்களை அது மழுங்கடித்துவிடும். எச்சில் விழுங்கிய, தாடை அசைந்த இடங்களை வெட்டிவிடுங்கள்.

இனி அந்த 8 சதவீதம். அதே 40 ஹெர்ட்ஸ் வடிகட்டியை 1625-இல் வைத்தால் 1600, 1650 என்ற மின்சார மடங்குகள் இரண்டும் விலகிவிடும். கிடைப்பது வெறும் பின்னணி இரைச்சல். காதின் ஒலி அதைவிட 20 டெசிபல் உயரத்தில் இருந்தால், அந்த இரைச்சலே வீச்சில் சுமார் 7 சதவீத ஆட்டத்தை உண்டாக்கும். வர்க்கங்களைக் கழித்தால் (64−49=15, அதன் வர்க்கமூலம் சுமார் 3.9) காதுக்கு மிஞ்சுவது 4 சதவீதத்துக்கும் குறைவு! இந்தக் கழித்தல் இல்லாத எண்ணை ஆய்வேட்டில் எழுதவே கூடாது.

வடிகட்டிய அலையின் மதிப்புகளுக்கு ஒரு பரவல் வரைபடமும் (எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்பது) போடுங்கள். வெறும் இரைச்சல் என்றால் பூச்சியத்தில் ஒரே மேடு. தானாக, சீராக அதிரும் அலைவி (ஆசிலேட்டர்) என்றால் நடுவில் பள்ளம், இருபுறமும் மேடுகள். 1984-இல் பியாலெக், விட் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதக் காதில் காட்டியது இதைத்தான். உட்செவி சொந்த ஆற்றலைச் செலவிட்டு ஒலிக்கிறது என்பதற்கு இது அருமையான சான்று.

முகட்டின் இருபுறமும் சுமார் 1.2 ஹெர்ட்ஸ் தள்ளிச் சிறு முகடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாடித்துடிப்பு 72 என்றால் அது இதயத்தின் தடம். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு விநாடித் துண்டு போதாது, 10 விநாடியாவது வேண்டும்.

கேள்வி: காதிரைச்சல் நோய் என்பது இந்த ஒலிதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. நன்றாகக் கேட்கும் காதுகளில்தான் இது அதிகம் கிடைக்கிறது. உடையவருக்கே பொதுவாகக் கேட்பதில்லை. ஆஸ்பிரின் அதிக அளவில் உட்கொண்டால் இந்த ஒலி அடங்கிவிடும், நிறுத்தினால் திரும்பும். ஆகவே பதிவுக்கு முன் மாத்திரை விவரம் கேட்பது அவசியம்.