தியோலியும் மன்சனாரும் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

லாஸ் ஏஞ்சலிஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மன்சனாரைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம். பெரும்பாலும் வெறும் பொட்டல்தான். காவல் கோபுரத்தின் மரம் புத்தம் புதுசு. சினிமா செட் போட்டுவிட்டு அதைப் பாதுகாப்பு என்கிறார்களே? 1962 சீனப் போரின்போது சீன வம்சாவளி இந்தியர்களை அடைத்த, ராஜஸ்தானிலுள்ள நம் தியோலி முகாமை இப்படிப் பாதுகாக்க முடியுமா?

எஸ்., மயிலாப்பூர்

அன்புள்ள எஸ்.,

செட் என்றதில் பாதி நியாயம் இருக்கிறது. முகாமில் எட்டு கோபுரங்கள் இருந்தன, ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்கள் பார்த்தது 2005-இல் கட்டியது. சாப்பாட்டுக் கூடமும் அந்த இடத்தினுடையதல்ல. அதே காலத்து ராணுவக் கட்டடத்தை பிஷப் விமான நிலையத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். உண்மையில் பழையவை வாசலில் உள்ள இரண்டு கல் காவலறைகள், 1943-இல் எழுப்பிய கல்லறைத் தூண், 1944-இல் அடைபட்டவர்களே கட்டிய அரங்கம். அரங்கம் தப்பியதற்குக் காரணம் வரலாற்று உணர்வெல்லாம் இல்லை, பிற்பாடு அதை வாகன ஷெட்டாகப் பயன்படுத்தியதுதான்.

மற்றவை 20 அடிக்கு 100 அடி கொட்டடிகள், பலகைமேல் தார்ப் பேப்பர். ஒரு பிளாக்குக்கு 14 வீதம் 36 பிளாக். போர் முடிந்ததும் மரத்துக்காக விற்றுவிட்டார்கள். ஆகவே பொட்டல் என்று நீங்கள் தாண்டிப்போனதுதான் அங்கே சொத்து: கான்கிரீட் தளம், குழாய், தோட்டக் கல், ஈர சிமெண்டில் கீறிய பெயர்கள்.

இத்தகைய இடத்தில் முதல் தலைவலி நிலம். 1992-இல் மன்சனார் தேசிய வரலாற்று இடமானது. நிலமோ லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரக் குடிநீர்த் துறையுடையது. அது கைமாற 1997 ஆயிற்று. அடுத்தது அளவெடுப்பு. பழைய வரைபடத்தைத் தரையோடு பொருத்தி, கிடைக்கும் ஆணியும் கிண்ணத் துண்டும் எங்கே கிடந்தன என்று குறித்த பிறகுதான் எதையும் எடுக்கலாம். இதேபோல் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த கொலராடோவின் அமாச்சி முகாமில் டென்வர் பல்கலைக்கழகக் குழு தோட்ட மண்ணில் முட்டை ஓட்டுத் துகள்களைக் கண்டெடுத்தது. மணலை யாரோ உரமேற்றியிருக்கிறார்கள். ‘சுத்தம் செய்ய’ ஜேசிபி ஓட்டியிருந்தால் அது போயே போயிருக்கும்.

பழுதுபார்ப்பில்தான் நல்லெண்ணம் அதிகச் சேதம் செய்கிறது. பழைய பலவீனமான கான்கிரீட்டில் சிமெண்ட் கூடிய கலவையைப் பூசினால், வெயிலிலும் பனியிலும் இரண்டும் ஒன்றுபோல் அசையாது. ஓரம் விரிந்து நீர் இறங்கும். ஒட்டு கழலும்போது பழைய பரப்பையும் அதிலுள்ள எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். கலவை பழையதைவிட வலுவாக இருக்கவே கூடாது. தளத்தின் விரிசலில் முளைத்த செடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்ட வேண்டும். பெயர்களைப் படமெடுக்கச் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், சாயங்காலச் சாய்வெளிச்சமே போதும்.

புதிதாகக் கட்டுவது கடைசியில், அதுவும் அளவோடு. ஒரு கோபுரம் தேவை என்பேன். அதில்லாவிட்டால் அந்த மலையடிவாரம் கோடை வாசஸ்தலம் போலத் தெரியும். எட்டையும் கட்டியிருந்தால் நீங்கள் சொன்ன செட்டேதான்.

தியோலி கடினம். 1941-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணும் கம்யூனிஸ்டுகளும் அடைபட்டிருந்தது அங்கேதான். பிறகு ஜப்பானியக் குடிமக்கள். 1962 முதல் ஏறக்குறைய 3,000 சீன வம்சாவளியினர். ஆனால் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் குறைந்தது 100 ஆண்டுப் பழமை கேட்கிறது. அங்கிருக்கும் பழைய கண்டோன்மென்ட் கட்டடங்கள் அதில் தேறலாம், ஆனால் பலகையில் கண்டோன்மென்ட் என்றுதான் எழுதுவார்கள்.

இன்று செய்யக்கூடியது காகிதமும் குரலும். விடுதலை ஆணை, கடிதம், புகைப்படம் எல்லாவற்றையும் இருபுறமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ ஆகாது. அமிலமற்ற உறையில் உள்ளறையில் வையுங்கள். அங்கே இருந்தவர்களிடம் பேசும்போது வாசல், குழாய், சமையற்கட்டு எங்கே என்று நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். ஒருவர் வரைந்ததை மற்றவரிடம் காட்ட வேண்டாம். தனித்தனியே வரைந்தவை எங்கே ஒத்துப்போகின்றனவோ, நாளை அனுமதி கிடைத்தால் முதல் குழியை அங்கே தோண்டலாம்.