பிரிட்ஜ் தூக்குது, கம்பி அறுகுது, ஸ்க்ரூ சுத்துது: எலக்ட்ரிக் கிதார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பிரிட்ஜ், அதாவது பாடியில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் உலோக அமைப்பு, சம்பந்தப்பட்டவை. அதில் பாதிப் பேர் "புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்றுதான் முடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் வேண்டாம். சரியான அளவு ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர், நல்ல டியூனர், மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு இரும்பு அடிக்கோல் இருந்தால் கீழே இருப்பதில் முக்கால்வாசியை நீங்களே முடித்துவிடலாம்.

கே: ஸ்ட்ராட் வகை கிதார். 9-42 கம்பி செட்டிலிருந்து அதைவிடத் தடித்த 10-46க்கு மாறினேன். இப்போது பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆக்‌ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) ஏறிவிட்டது. ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்றது எல்லாம் இறங்கிவிடுகிறது. பிரிட்ஜ் போயிடுச்சா?

ப: போகவில்லை. ஒரு பக்கம் கம்பிகள் பிரிட்ஜை இழுக்கின்றன, பாடிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன, இரண்டும் சமமாகிற இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. 25.5 அங்குல ஸ்கேலில் (அதிரும் கம்பியின் நீளம்), வழக்கமான டியூனிங்கில், 9-42 செட்டின் மொத்த இழுவை ஏறக்குறைய 38 கிலோ. 10-46 என்றால் ஏறக்குறைய 47. கம்பிப் பக்கம் இவ்வளவு கூட்டிவிட்டு ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் பிரிட்ஜ் முன்னால் சாயத்தான் செய்யும்.

பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகடு, அதாவது கிளா, இரண்டு நீளமான ஸ்க்ரூவில் மரத்தோடு பிடித்திருக்கும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று முடுக்குங்கள், மறுபடி சுருதி சேருங்கள், பிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போதவில்லையா, இன்னொரு அரைச் சுற்று. பொறுமைதான் வேண்டும், ஏனென்றால் சுருதி முழுசாகச் சேர்ந்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை. பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே 3 மி.மீ. சுமார் இடைவெளி வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கிளா மரத்தையே தொட்டுவிட்டது, இன்னும் தூக்குகிறது என்றால் ஸ்பிரிங் ஒன்றைக் கூட்டுங்கள். வாமி பாரையே (பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) தொடாதவர் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், பிரிட்ஜ் பாடியில் படிந்து உட்காரும்வரை முடுக்கிவிடுங்கள்.

முன்பக்கம் ஆறு ஸ்க்ரூ இருக்கிற பழைய மாடலாக இருந்தால் அதையும் பாருங்கள். ஆறையும் யாரோ இறுக்கி வைத்திருந்தால் பிரிட்ஜ் சாயவும் முடியாது, பழைய இடத்துக்குத் திரும்பவும் முடியாது. ஓரத்து இரண்டும் தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும், நடுவில் இருக்கும் நான்கையும் அரைச் சுற்று மேலே விடுங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் நெக்கின் வளைவு, அப்புறம் பிரிட்ஜ் நிற்கும் நிலை, அப்புறம் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) உயரம், கடைசியில் இன்டோனேஷன், அதாவது எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வருவது. சேடிலை முதலில் திருகிவிட்டு ஸ்பிரிங்குக்கு வந்தால் செய்ததெல்லாம் வீண். ஆக்‌ஷனுக்கு 12ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்பது ஆரம்பிக்க நல்ல அளவு. பலமாக அடித்து வாசிப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: மெல்லிய ஈ கம்பி மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது. கம்பெனியை மாற்றியும் பலனில்லை.

ப: அறுந்த கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் விடை இருக்கிறது. எந்த இடத்தில் அறுந்தது? டியூனர் பக்கம் என்றால் அந்தத் துளையின் விளிம்பு. சேடில் பக்கம் என்றால் அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து சேடிலின் மேல் மெதுவாக இழுங்கள், இழை சிக்கிக்கொண்டு நிற்கும் இடம்தான் ஆள்.

தடிமனான, சுற்றுக்கம்பி போட்ட பழைய கம்பித் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்தாலே பிசிறு போய்விடும். அப்புறம் 600 உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு, 1000இல் இரண்டு இழுப்பு. பள்ளத்தை ஆழமாக்கிவிடாதீர்கள், விளிம்பை மழுக்குவதுதான் வேலை. முடித்ததும் பென்சில் கரியைத் தடவி விடுங்கள். ஸ்ட்ராட்டில் இன்னொரு சந்தேக இடம் உண்டு: கம்பி பிரிட்ஜ் துளையிலிருந்து மேலே வரும்போது தகட்டின் விளிம்பில் உரசுகிறதா என்று பாருங்கள், அங்கேயும் இதே வைத்தியம்தான்.

கே: வாமி பார் லொடலொடவென்று ஆடுகிறது.

ப: குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றி மாட்டுங்கள், முடிந்தது. துளைக்குள் சின்ன ஸ்பிரிங் போடுவதும் பழைய வழிதான். புது பார் வாங்குவதாக இருந்தால் மரையைப் பார்த்து வாங்குங்கள், அங்குல மரை, மெட்ரிக் மரை என்று இரண்டு ஜாதி இருக்கிறது. இரண்டு சுற்றுக்கு மேல் கையால் போகவில்லை என்றால் அது உங்கள் பிரிட்ஜுக்கானதல்ல. பலம் காட்டினால் உள்மரை போய்விடும்.

கே: ட்யூன்-ஓ-மேடிக் பிரிட்ஜ் (இரண்டு போஸ்டில், அதாவது திருகுத் தூணில், நிற்கும் வாமி இல்லாத வகை). டியூனிங்கை முழு ஒரு ஸ்வரம் இறக்கியதும் தடிமனான ஈயின் சேடில் கடைசிவரை போய்விட்டது, அப்படியும் 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி கூடுதலாகவே காட்டுகிறது. போஸ்டைப் பின்னால் தள்ளணுமா?

ப: அவசரப்பட்டு மரத்தில் துளை போட்டுவிடாதீர்கள். முதலில் கம்பி புதுசா? பழைய, வியர்வை ஏறிய கம்பியில் இன்டோனேஷன் பார்ப்பது நேர விரயம். அடுத்து பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள். தடிமனான கம்பிக்கு மிக அருகில் காந்தம் இருந்தால் அது கம்பியை இழுத்து டியூனரையே குழப்பிவிடும், கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி அளங்கள்.

அளக்கும் முறை தெரிந்ததுதான்: 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுவது), அப்புறம் அதே இடத்தில் அழுத்தி வாசிப்பு, இரண்டையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் சேடில் பின்னால், குறைந்தால் முன்னால். மடியில் படுக்கவைத்து அளக்காமல் வாசிக்கிற நிலையில் பிடித்து அளங்கள். உங்கள் விரல் வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தத்தையே கொடுங்கள், கெட்டியாகப் பிடித்தால் சுருதி தானாகவே ஏறும். சேடிலை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கம்பியைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னும் இடம் வேண்டுமென்றால் சேடிலைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். அதன் உச்சி நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், திருப்பினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே கிடைக்கும். பெரும்பாலான கேஸ் இதோடு தீர்ந்துவிடும். கடைசியாக ஒன்று: சுருதியை இறக்கிவிட்டு அதே மெல்லிய செட்டை வைத்திருந்தால் கம்பி தொளதொளவென்று இருக்கும், அழுத்தினாலே சுருதி கூடும். உங்கள் விஷயத்தில் இதுதான் என்று எனக்குச் சந்தேகம். ஒரு படி தடித்த செட் போட்டுப் பாருங்கள்.

கே: ஃபிளாய்ட் ரோஸில் (கம்பிகளைப் பூட்டிவைக்கும் வாமி பிரிட்ஜ்) ஆக்‌ஷனைக் குறைக்க, கம்பியை இறக்காமலே இரண்டு போஸ்டையும் திருகலாமா?

ப: வேண்டாம். போஸ்டில் சாய்ந்து நிற்கும் பிரிட்ஜின் கத்தி விளிம்பு அத்தனை பாரத்தோடு அதில் உரசினால் தேய்ந்துவிடும், அப்புறம் பாரை அழுத்திவிட்டால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பவே திரும்பாது. முதலில் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் இடம்) இருக்கும் பூட்டைத் திறங்கள், கம்பிகளைத் தளர்த்துங்கள், அப்புறம் திருகுங்கள்.

கே: ஆம்ப்பில் ஒரே இரைச்சல். கம்பியில் கை வைத்தால் குறைகிறது. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்துவிட்டதா?

ப: கை வைத்தால் குறைகிறது என்றால் வயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அறுந்திருந்தால் கம்பியைத் தொட்டாலும் மாறாது, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறையும். சந்தேகம் தீர மல்டிமீட்டரில் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிவளையத்திலும் வையுங்கள், பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஸ்ட்ராட்டில் இந்த வயர் கிளாவில் சோல்டர் செய்திருக்கும். விட்டுப்போயிருந்தால் தகட்டை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் பெரிய சோல்டரிங் அயர்னால் பற்றவையுங்கள், சின்ன அயர்னின் சூட்டை அந்தத் தகடு விழுங்கிவிடும். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்பவர்கள் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். கம்பியைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்றால் அது கிதார் விஷயமே இல்லை. உடனே ஆம்ப்பை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆம்ப்பையும் பிளக் பாயின்டின் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: பிரிட்ஜ் போஸ்ட் ஒன்று முன்பக்கம் சாய்ந்துவிட்டது, துளை நீள்வட்டமாகியிருக்கிறது. பல்குச்சியும் பசையும் வைத்து இறுக்கிவிடலாமா அண்ணா?

ப: பிக்கார்டு (பாடியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தகடு) ஸ்க்ரூவுக்கு என்றால் தாராளமாக வையுங்கள், தம்பி. பாரம் தாங்கும் போஸ்டுக்கு அது நிற்காது. கம்பியெல்லாம் கழற்றிவிட்டு, போஸ்டையும் அதன் புஷ்ஷிங்கையும் எடுத்து, துளையைச் சுத்தமான வட்டமாகப் பெரிதாக்கி, மேப்பிள் மாதிரி கடினமான மரத்தில் ஒரு உருளையை மரப்பசையோடு அடித்து இறக்கி ஒரு நாள் முழுக்க காயவிட வேண்டும். அப்புறம் சரியான இடத்தில், நேர்செங்குத்தாக, புதுத் துளை. கையால் பிடிக்கும் டிரில்லில் செங்குத்து வராது, டிரில் பிரஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த ஒன்றை மட்டும் கிதார் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், தப்பான இடத்தில் துளை விழுந்தால் இன்டோனேஷனும் சேர்ந்து போகும்.

கே: சேடில் உயர ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை வழுக்கிவிட்டது. ஆலன் கீ சும்மா சுற்றுகிறது.

ப: கீ சரியானதுதானா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க ஃபெண்டர் பலவற்றுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ.; மற்ற நாடுகளில் செய்த கிதார் பலவற்றுக்கு 1.5 மி.மீ. சின்னதை வைத்துப் பெரியதைத் திருப்பித்தான் பாதி ஸ்க்ரூக்கள் சாகின்றன.

உண்மையிலேயே இறுகியிருந்தால் சேடிலைக் கிதாரிலிருந்து தனியாகக் கழற்றுங்கள், எண்ணெய் மரத்திலும் பெயின்ட்டிலும் படக்கூடாது. துரு நீக்கும் எண்ணெயை ஊசிமுனையால் ஒரு சொட்டு மரையில் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சோல்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் மேல் அரை நிமிடம் வைத்து எடுங்கள், ஆறியதும் முதலில் முடுக்குகிற பக்கம் துளி அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துகிற பக்கம் திருப்பிப் பாருங்கள். வந்துவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவாக மாற்றுங்கள். வாங்கும்போது நீளத்தை அளந்து வாங்குங்கள். நீளம் அதிகமானால் தலை சேடிலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், வாசிக்கும்போது உள்ளங்கையைக் கீறும்.